பட்டாபிராம் ஸ்டேஷனில் அங்கம்மா போட்ட தோட்டம்

“வயலுக்கும் தோட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?”

நான் எட்டாவது படித்தபோது எங்கள் டிராயிங் வாத்தியார் ராஜசேகரன் வகுப்பில் கேட்ட கேள்வி இது. வயலில் நெல் விளையும், தோட்டத்தில் பூ விளையும் என்றான் ஒருவன். “பூந்தமல்லிப் பக்கம் ஏக்கர் கணக்கில் மல்லிகை போட்டிருக்கிறார்களே, அது வயலா, தோட்டமா?” என்று வாத்தியார் மடக்கினார். “வயலுக்குக் கிஸ்தி கட்டணும் சார்” என்றான் இன்னொருவன். வகுப்பே சிரித்தது. என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. உட்காரச் சொன்னார், உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருத்தி எங்கள் குடும்பத்திலேயே இருந்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். பெயர் அங்கம்மா. என் அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னம்மா. பத்திரிகைகளில் பெரிய மனிதர்களின் சரித்திரமாக வருகிறது. நானும் படித்துத்தான் வந்திருக்கிறேன். இப்போது பள்ளிக்கூடத்தை விட்டு வந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். நடக்கும் போதெல்லாம் அந்தத் தோட்டம் கண்ணில் படுகிறது. அதைப் போட்டவளின் சரித்திரத்தை யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். புரியும்படி எழுதினால் போதும் என்பதே என் ஆசை.

சின்னம்மா பிறந்தது குத்தம்பாக்கத்தில். நடக்கத் தெரிந்த நாள் முதல் வயல்தான். பட்டாபிராமில் துலுக்கானத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. துலுக்கானம் சித்தப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி வரும் தண்டவாளத்தை மாற்றிவிடுவது, கொடி காட்டுவது அவர் வேலை. சின்னம்மாவுக்கு வயலை விட்டால் வேறு வேலை கிடையாது. ஊரில் பழைய நிலக்காரரான பரந்தாமனுடைய கழனியில் நடவு, களையெடுப்பு, அறுப்பு.

நடவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடவுப் பெண்கள் முன்னால் நடப்பதில்லை. குனிந்தபடி பின்னால் பின்னால் அடி வைத்து நகர்வார்கள். நட்டு முடித்தது எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். நடவேண்டியது முதுகுக்குப் பின்னால். சின்னம்மா திரும்பிப் பார்க்காமலே வரப்பு எங்கே வருகிறது என்று சொல்லிவிடுவாள்.

1935-ஆம் வருஷத்தின் நடுவில் ரயில்வேயில் ஓர் உத்தரவு வந்தது. ஸ்டேஷன் தோட்டங்களுக்குப் போட்டி. வருஷம் ஒரு முறை, ஜனவரியில், ஒரு துரை சலூனில், அதாவது பெரிய அதிகாரிகளுக்கென்று ரயிலில் மாட்டும் தனிப்பெட்டியில், வந்து பார்த்து மார்க் போடுவார். போட்டியில் சேரும் சின்ன ஸ்டேஷனுக்கு ஒரு தோட்டக்கூலி வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்கு மட்டும். அதற்குள் அந்த ஸ்டேஷன் ஏதாவது ஓர் இடத்தைப் பிடித்துவிட்டால் அந்த வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேலை போய்விடும்.

ஸ்டேஷன் மாஸ்டர் திருவேங்கடம் சின்னம்மாவைக் கூப்பிட்டு, “செய்கிறாயா?” என்றார். சின்னம்மா அன்றைக்கே பரந்தாமனிடம் போய், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள்.

“போ, போ” என்றார் பரந்தாமன். “ரெண்டு வருசம் ரயிலு சோறு துன்னுட்டு, மூணாவது வருசம் இதே வரப்புல வந்து கைய கட்டிகினு நிப்பே. அன்னிக்கு உனுக்கு எடம் கீதோ இல்லியோ, நான் சொல்ல முடியாது.”

ஆட்கள் சிரித்தார்கள். சின்னம்மா வரப்பை விட்டு இறங்கி நடந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னாள்: “யக்கா, பட்டினி கெடந்தாலும் கெடப்பேன். அந்த வரப்புல போயி மட்டும் நிக்க மாட்டேன்.”

ஆக, அவளுக்கு இருந்தது இரண்டு ஜனவரி. அவ்வளவுதான்.

முதல் ஜனவரி எப்படிப் போயிற்று என்பதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கம். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். பிளாட்பாரத்துக்குப் பின்னால், வேலியை ஒட்டி, ஒரு நீளத் துண்டு நிலம். சின்னம்மா அதைக் கொத்தினாள். பாத்தி கட்டினாள். வரப்பு வைத்தாள். துலுக்க சாமந்தி நாற்று விட்டு, சாணுக்கு ஒன்றாக, கயிறு பிடித்த மாதிரி நட்டாள். ஒரு விரற்கடை இடம் வீணாக்கவில்லை. வரப்பு ஓரத்தில்கூட வெண்டை விதை ஊன்றிவிட்டாள். மண்ணைச் சும்மா போடுவது பாவம் என்றே அவள் கை பழகியிருந்தது. அவள் போட்டது பூ வயல். செடியெல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே நெருக்கம். அதிலும் பாதிச் செடி தேறவில்லை. அந்த இடத்தில் வருஷக்கணக்காக எஞ்சின் சாம்பல் கொட்டியிருந்தார்கள். நாலு விரல் மண்ணுக்குக் கீழே எல்லாம் கரி.

துரை வந்தார். வண்டி ஒரு நிமிஷம் நின்றது. அவர் இறங்கக்கூட இல்லை. பத்து நாள் கழித்து வந்த காகிதத்தை மாஸ்டர் தமிழில் படித்துச் சொன்னார்:

“பட்டாபிராம். பயிர் நன்றாக வந்திருக்கிறது. அறுவடை எப்போது?”

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. “நான் தோட்டம் போடச் சொன்னால் நீ நடவு நட்டுவைத்திருக்கிறாய், அங்கம்மா. தோட்டம் என்றால் என்ன என்று ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா?”

“எங்கங்க பாக்கறது?” என்றாள் சின்னம்மா.

மாஸ்டரின் சிரிப்பு போய்விட்டது. பிறகு மேஜையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். சென்னையில் வருஷா வருஷம் பிப்ரவரியில் நடக்கும் பூக்காட்சிக்கு ரயில்வேக்காரர்களுக்கு வந்த இலவச அனுமதி. “எனக்கு லீவு கிடைக்காது. நீங்கள் இரண்டு பேரும் போங்கள். பூவைப் பார்க்காதே. எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்.”

எனக்கு அப்போது பரீட்சை, நான் போகவில்லை. அங்கே நடந்ததைச் சித்தப்பா சொன்னதையும் சின்னம்மா சொன்னதையும் வைத்துத்தான் எழுதுகிறேன். சித்தப்பா கொஞ்சம் கூட்டிச் சொல்வார். அதைக் கழித்துவிட்டேன்.

சென்ட்ரலில் இறங்கி, டிராம் ஏறி, பிறகு விசாரித்து விசாரித்து நடந்து போய்ச் சேர்ந்தார்கள். சித்தப்பா ரயில்வே நீலச் சட்டை போட்டு, துவைத்த தலைப்பாகை கட்டியிருந்தார். வாசலில் நின்ற சேவகன் அட்டையை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினான். சின்னம்மாவின் வெறுங்காலைப் பார்த்தான்.

“கூலியாளுங்கள்லாம் பின்கேட்டு.”

“கூலியா? பாஸு கீதுபா! ரயில்வே பாஸு!” என்று சித்தப்பா எகிறினார்.

சின்னம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வாய்யா. எந்தக் கேட்டா இருந்தா இன்னா, உள்ளதானே போவணும்?”

அந்தச் சேவகன் அவமானப்படுத்தத்தான் அனுப்பினான். ஆனால் அவன் முன்வாசலில் விட்டிருந்தால் இந்தத் தோட்டமே வந்திருக்காது. மற்றவர்கள் எல்லாரும் பூக்காட்சியை முன்னால் இருந்து பார்த்தார்கள். என் சின்னம்மா அதன் முதுகைப் பார்த்தாள்.

முன்னால் இருந்து பார்த்தால் அது பூவால் ஆன ஒரு குன்று. பின்னால் இருந்து பார்த்தால் செங்கல் அடுக்கு, அதன்மேல் பலகை, கவிழ்த்த தொட்டி, அதன்மேல் இன்னொரு தொட்டி, இடுக்கெல்லாம் ஈரச் சாக்கு. தரையில் இருந்த பாத்தியும் அப்படித்தான். சின்னம்மா குனிந்து ஒரு செடியின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். மண்ணுக்குள்ளே தொட்டியின் விளிம்பு தட்டுப்பட்டது. பக்கத்துச் செடிக்கும் தொட்டி. அதற்குப் பக்கத்துக்கும்.

“யோவ், இங்க வந்து பாரு! இதுல ஒண்ணுகூட இங்க மொளைக்கல. எல்லாம் தொட்டியோட பொதச்சது!”

பூவாளி வைத்துக்கொண்டு நின்ற தோட்டக்காரர் ஒருவர் திரும்பினார். ராமன் என்று பெயர், நாற்பது வயது இருக்கும். “இன்னாம்மா, தோண்டுறே? பொதையலா?”

“இல்ல அண்ணாத்தே. நாங்க பட்டாபிராம் இஸ்டேசன். எங்க எடத்துல மண்ணே இல்ல, கரிதான் கீது. வெச்ச செடியெல்லாம் பூட்சி. அதான் பாக்கறேன்.”

“கரி இருந்தா உனுக்கு இன்னா? மண்ணு தொட்டியில கீது. தொட்டி எங்க வேணா இருந்துட்டுப் போவுது.”

அவர் தமாஷாகத்தான் சொன்னார். சின்னம்மா சிரிக்கவில்லை. எழுந்து முன்பக்கம் போனாள். அங்கே பூப்பாத்திகளுக்கு நடுவில் வட்டமாக ஒரு பெரிய புல்தரை. ஒரு பூ இல்லை, ஒரு செடி இல்லை. அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. திரும்ப ராமனிடம் வந்தாள்.

“நடுவுல இம்மாம் எடத்த ஏன் சும்மா உட்டுகீறீங்கோ? நாத்து பத்தலியா?”

ராமன் சிரித்த சிரிப்பில் பூவாளியைக் கீழே வைத்துவிட்டார். “அடி ஆத்தே! அது கண்ணு குந்துற எடம். நீ காலையிலேர்ந்து நடவு நட்டா, நடுவுல போயி வரப்புல குந்த மாட்டே? கண்ணுக்கும் ஒரு வரப்பு வேணுமா இல்லியா?”

ராஜசேகரன் வாத்தியாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். வயலில் ஒரு சாண் சும்மா கிடந்தால் குற்றம். தோட்டத்திலோ, சும்மா இருக்கவேண்டிய இடத்தைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சின்னம்மா செய்தது சித்தப்பாவை இன்றைக்கும் வியர்க்க வைக்கும். கயிறு கட்டிய பாதையில் சீமாட்டிகளும் கனவான்களும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னம்மாவும் ஒரு தரம் நடந்து பார்த்தாள். பாத்தி பாத்தியாகத் தெரிந்ததே தவிர, எல்லாம் எப்படிச் சேர்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. உடனே திரும்பி நின்று, நடவில் நகர்கிற மாதிரி பின்னால் பின்னால் அடி வைத்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னாமே பண்றே? ஜனம் பாக்குது!”

“கம்முனு இரு. இப்பதான் தெர்து.”

இருபது அடி போவதற்குள் குடை பிடித்து வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் மேல் மோதிவிட்டாள். குடை ஒரு பக்கம், துரைசானி ஒரு பக்கம். சித்தப்பா பதறிப்போனார். இங்கிலீஷில் ஏதாவது மன்னிப்புச் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ், பாதை காலி என்று சொல்ல ரயில்வேயில் கற்ற இரண்டு வார்த்தை மட்டும்.

“லைன் கிளியர், மேடம்! லைன் கிளியர்!” என்று சலாம் போட்டார்.

துரைசானி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, நிஜமாகவே பாதையை விட்டு ஒதுங்கி நின்றாள். சின்னம்மா பின்னாலேயே நடந்து கடைசி வரை போனாள்.

அப்படி நடந்ததில் அவள் கண்டுபிடித்தது இது: ஒரு பாத்தியின் உயரம் முடிகிற இடத்தில் அடுத்த பாத்தியின் உயரம் தொடங்கிவிடுகிறது. பின்னால் உயரம், நடுவில் இடுப்பளவு, முன்னால் தரையோடு. நடப்பவனின் கண்ணை ஒரு பாத்தி விடுவதற்கு முன்பே இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. எழுதி வைக்கத் தெரியாதே, என்ன செய்வாள்? சித்தப்பாவின் தலைப்பாகையை அவிழ்த்து வாங்கினாள். முழத்தால் அளந்து அளந்து அதில் முடிச்சுப் போட்டாள். உயரச் செடிக்குப் பெரிய முடிச்சு, குட்டைக்குச் சின்ன முடிச்சு, புல்தரைக்கு முடிச்சில்லாத வெறுந்துணி.

மறுநாள் டியூட்டிக்குச் சித்தப்பா வெறுந்தலையோடு போனார்.

“தலைப்பாகை எங்கே?” என்றார் மாஸ்டர்.

“அதுல தோட்டம் கீதுங்க” என்றார் சித்தப்பா.

எட்டு மாதம் அந்தத் தலைப்பாகை எங்கள் சின்னம்மா வீட்டு எரவாணத்தில் தொங்கியது. சித்தப்பா வேறு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு காலம் தள்ளினார்.

பூக்காட்சியில் பார்த்த சீமைப் பூக்களை அவள் தேடவே இல்லை. விதை எங்கே கிடைக்கும், எப்படி வளர்ப்பது, ஒன்றும் தெரியாது. எடுத்துக்கொண்டது வைக்கும் விதத்தை மட்டும். பின்னால் உயரத்துக்குக் கல்வாழை. நடுவில் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும். முன்னால் துலுக்க சாமந்தி. தரையோடு பட்டுரோஜா. எல்லாம் எங்கள் பக்கத்துச் செடிகள். கேட்டால் யாரும் கொடுப்பார்கள். தொட்டிக்குக் குயவர் சூளையில் வெந்து வெடித்துப்போன பானைகளைக் கேட்டாள். விற்க முடியாத பானை, எடுத்துக்கொண்டு போ என்றார்கள். விரிசல் விட்டதும், அடி உடைந்ததும், கழுத்துப் போனதுமாக நூற்றிருபது பானை தலைச்சுமையாகவே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது.

தோட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் சண்டை வந்தது. மாஸ்டருக்கு ஆபீசுக்கு எதிரிலேயே புல்வட்டம் வேண்டும். சித்தப்பா அதுவரை தோட்ட விஷயத்தில் வாயே திறக்காதவர். அன்றைக்குத் திறந்தார்.

“எசமான், சலூனு எப்பவும் வண்டி வாலுலதான் மாட்டுவாங்கோ. மெட்ராஸ்லேர்ந்து வண்டி வந்து நின்னா, வாலு எங்க குட்சை கிட்டதான் நிக்கும். போன தபா தொரை ஜன்னலுக்கு எதிரே நின்னுகினு இருந்தது தோட்டம் இல்லீங்க. நான்தான்.”

மாஸ்டர் திகைத்துப்போனார். பத்து வருஷமாக வண்டியை அனுப்புகிறவர் அதை யோசித்ததில்லை. பாயிண்ட்ஸ்மேன் குடிசை பிளாட்பாரத்தின் கிழக்குக் கோடியில் இருந்தது. குப்பையும் ஜல்லியும் கிடக்கும் இடம். “அங்கே போய்த் தோட்டமா?” என்று இரண்டு நாள் முனகினார். மூன்றாம் நாள், “தோற்றால் நீங்கள்தான் பொறுப்பு” என்று சொல்லி விட்டுவிட்டார்.

சின்னம்மா ஆவடி வரை நடந்து போய், அங்கே வண்டி ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பட்டாபிராமுக்கு வந்தாள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். எந்த இடத்தில் வண்டி எவ்வளவு மெதுவாகிறது, ஜன்னலில் எவ்வளவு உயரம் தெரிகிறது என்று பார்த்தாள். கிழக்குக் கோடியில் புல்வட்டம். அங்கிருந்து மேற்கே பிளாட்பாரம் முழுக்க ஏறி இறங்கும் பூ வரிசை. தலைப்பாகையைத் தரையில் விரித்து, முடிச்சுக்கு முடிச்சு பானையைப் புதைத்தாள். கிழக்கில் தொடங்கி, பின்னால் பின்னால் அடி வைத்து மேற்கே போனாள்.

புல்வட்டத்துக்கு வேண்டியது அருகம்புல். நடவு முடிந்து வேலையில்லாத நாட்கள். அவளோடு கழனியில் வேலை செய்த ராஜம்மாவும் இன்னும் நாலு பெண்களும் தாங்களாகவே வந்தார்கள். வயலில் எந்தப் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார்களோ, அதையே சாணுக்கு ஒன்றாக நட்டார்கள். பரந்தாமன் வண்டிக்கு வந்தவர் பார்த்துவிட்டு நின்றார்.

“இன்னாடி இது, களைய நட்டுகினு கீறீங்கோ? ரயிலுக்கு மாடு பூட்டப் போறாங்களா?”

ராஜம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: “ஆமா ஆண்டே. கரி வெல ஏறிப்போச்சாம். இனிமே எஞ்சினு புல்லு துன்னுமாம்.”

நடவுப் பாட்டு பாடுவது போல ஐந்து பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பரந்தாமன் பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டார்.

மழை வந்தது. மழை விட்டது. கிணற்றிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது குடம் என்று சின்னம்மா ஊற்றினாள். தை பிறந்தபோது, வண்டி நின்றால் ஜனங்கள் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

துரை வந்த நாளைப் பற்றி எனக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றிலும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி. சித்தப்பா குடிசை வாசலில் பச்சைக் கொடியோடு நின்றார். சின்னம்மா புல்வட்டத்தின் பக்கத்தில் வேலியோரம் நின்றாள். கிழக்கே புகை தெரிந்தது. எஞ்சின் கிட்ட வந்தபோது சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

“அடிப் பாவி, சலூனு மொதல்ல கீதுமே! எஞ்சினுக்கு அடுத்தாப்புல கீது!”

எப்போதும் வாலில் வருகிற சலூன் அன்றைக்கு என்ன காரணத்தாலோ தலையில் மாட்டியிருந்தது. புல்வட்டத்துக்கு எதிரே வந்து நிற்கப்போவது கடைசி மூன்றாம் வகுப்புப் பெட்டி. துரை போய் நிற்கப்போவது மேற்குக் கோடியில், சாம்பல் மேட்டுக்கு எதிரே. பதினோரு மாத வேலை. சின்னம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சலூன் அவளைத் தாண்டிப் போயிற்று. போகும்போது ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. அந்த முகம் புல்வட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. வண்டி நகர நகர, முகம் உள்ளே போகவில்லை. கல்வாழை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, மறுபடி கல்வாழை என்று ஒன்று விடுவதற்குள் ஒன்று பிடித்துக்கொண்டது. கடைசியில் தலை முழுவதும் ஜன்னலுக்கு வெளியே வந்து, தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டு, பின்னோக்கிப் பார்த்தபடியே துரை போனார்.

வண்டி நின்றதும் அவர் இறங்கினார். போன வருஷம் இறங்காதவர் இறங்கி, பிளாட்பாரம் முழுவதும் கிழக்கே நடந்து வந்தார். மாஸ்டர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். துரை சாமந்திச் செடி ஒன்றின் இலையை விலக்கினார். பானையின் விளிம்பு தெரிந்தது. நெற்றி சுருங்கியது. மாஸ்டரிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டார்.

மாஸ்டர் சட்டென்று திரும்பினார். சின்னம்மாவிடம் தமிழில் சொன்னார்: “வேறு பங்களாத் தோட்டத்திலிருந்து தொட்டிகளை இரவல் வாங்கி நேற்று வைத்தீர்களா என்று கேட்கிறார். அப்படிச் செய்தால் போட்டியிலேயே கிடையாது.”

சின்னம்மா முன்னால் வந்தாள். ஒரு பானையின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அடுத்ததை இழுத்தாள். அதுவும் அசையவில்லை. துரையைப் பார்த்து, நீங்கள் இழுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினாள். துரை குனிந்து இழுத்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம். சின்னம்மா பானையைச் சுற்றியிருந்த கரியை விரலால் தோண்டிக் காட்டினாள். வெடித்த பானை அல்லவா? விரிசல் வழியாக வேர் வெளியே வந்து, அந்தச் சாம்பலுக்குள்ளேயே கொத்துக் கொத்தாக இறங்கியிருந்தது. நேற்று வைத்த செடிக்கு அப்படி வேர் ஓடாது. அதைத் தோட்டம் தெரிந்த துரைக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அவர் நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொண்டு, இன்னொரு கேள்வி கேட்டார். இதற்குப் பிளான் போட்டது யார்?

மாஸ்டர் “நான்” என்று சொல்லியிருக்கலாம். அங்கே மறுத்துப் பேச ஆளில்லை. இங்கிலீஷ் தெரிந்தவரும் இல்லை. திருவேங்கடம் மாஸ்டர் சின்னம்மாவின் பக்கம் கையை நீட்டினார். எங்கே கற்றாள் என்று துரை கேட்டார்.

“பூக்காட்சியில பின்கேட்டு வழியா போயி கத்துகினேன்னு சொல்லுங்க” என்றாள் சின்னம்மா.

மாஸ்டர் பூக்காட்சியை மட்டும் சொன்னார். பின்கேட்டை அவர் சொல்லவில்லை என்பது சின்னம்மாவுக்கு இன்றுவரை ஒரு குறை.

வண்டி அன்றைக்கு ஏழு நிமிஷம் தாமதம். முடிவு மாசிக் கடைசியில் வந்தது. சின்ன ஸ்டேஷன்களில் பட்டாபிராமுக்கு இரண்டாம் இடம். ரோஜாவாகவே வைத்திருந்த வேறொரு ஸ்டேஷனுக்கு முதலிடம். தோட்ட வேலை நிரந்தரம் என்று கூடவே உத்தரவு. மாஸ்டர் பெரிய ரிஜிஸ்தரை விரித்து வைத்து, தெரிந்த விஷயத்தையே முறைப்படி கேட்டார்.

“பெயர்?”

“அங்கம்மா.”

“வேலை?”

அதுவரை எந்தக் காகிதத்திலும் அவளுக்குக் கூலி என்றே எழுதி வந்தார்கள். அவள் கொஞ்சம் யோசித்தாள். “தோட்டம் போடுறதுன்னு எழுதுங்க” என்றாள். அவர் அப்படியே எழுதினார். அவள் கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தினாள்.

அந்த வருஷம் பரந்தாமன் கழனியில் நடவு அவள் இல்லாமலே நடந்தது. அதற்கு அடுத்த வருஷமும்.

இப்போது வேறு ஸ்டேஷன்களிலிருந்து தோட்டக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சின்னம்மா அவர்களைப் பிளாட்பாரத்தில் பின்பக்கமாக நடக்கவைத்துக் காட்டுகிறாள். எனக்கு அதைப் பார்க்கும்போது வருகிற பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. ஸ்டேஷன் ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பரிசுப் பத்திரத்தில் “பட்டாபிராம்” என்று மட்டும் இருக்கிறது. நிறைய இடம் வெறுமையாக இருந்தும் ஒரு பெயர் இல்லை. போகிற வண்டியில் இருந்து பார்க்கிறவர்கள், யாரோ சீமையில் படித்த துரை போட்ட தோட்டம் என்று பேசிக்கொண்டு போவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமாவது, படிக்கத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, இந்தக் கதையை உங்கள் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். எதை விட்டாலும் விடுங்கள். அங்கம்மா என்ற பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.